மருந்துவாழ்மலை ஏற வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் நாகர்கோவில். கார்த்திகை பிறந்தால் போதும், "இந்த வருசம் மலை எப்போ?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். மார்கழி முடிவிலோ தையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சேர்ந்து மருந்துவாழ்மலை ஏறுவது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் புதிதாக நாலைந்து பேர் சேர்வார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் அதே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறேன்.

"மருந்துவாழ்மலை எங்க இருக்கு? எப்படி வந்து சேர்றது?"

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், பொத்தையடி ஊருக்குப் பக்கத்தில். நாகர்கோவிலிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். கன்னியாகுமரி போகும் பஸ்ஸில் ஏறி, சுசீந்திரம், வழுக்கம்பாறை தாண்டி பொத்தையடியில் இறங்க வேண்டும். இடையில் நிற்காத பஸ்ஸில் ஏறிவிட்டால் கன்னியாகுமரி வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கார்த்திகை முதல் தை வரை சபரிமலை சீசன். மாலை போட்ட சாமிமார் கூட்டம் கன்னியாகுமரிக்குத் திரண்டு வரும். விடிந்த பிறகு பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. விடியுமுன் கிளம்பும் பஸ்ஸில் அந்தத் தொல்லை குறைவு.

"ஏற எவ்வளவு நேரம் ஆகும்?"

பைய ஏறினால் ஒன்றரை மணி நேரம். பழக்கப்பட்டவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். முதலில் படிகள் இருக்கும், வழியில் சின்னச் சின்னக் கோயில்களும் குகைகளும் வரும். அதற்கு மேலே கல்லும் பாறையுமான ஒற்றையடிப் பாதைதான். உச்சிக்குப் பக்கத்தில் சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும்.

இறங்குவதற்குப் பாதி நேரம் போதும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அது சரிவராது. ஏறுவதில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது முட்டு நடுங்கும், உருண்டைக் கல்லில் கால் சறுக்கும். இறங்க முழுசாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊர்ல ஏது குளிர்காலம்? ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?"

வேண்டாம். தை மாத அதிகாலையில்கூட 22, 23 டிகிரிதான் இருக்கும். அடிவாரத்தில் கொஞ்சம் சில்லென்று தெரியும், இருபது படி ஏறினால் சட்டை நனைந்துவிடும். உச்சியில் காற்று அடிக்கும்போது அந்த ஈரச் சட்டையோடு உட்கார்ந்தால்தான் உடம்பு நடுங்கும். ஸ்வெட்டரின் இடத்தில் ஒரு மாற்றுச் சட்டையை வையுங்கள்.

குளிர்காலம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் வேறு. பங்குனி, சித்திரையில் இந்தப் பாறை காலை ஒன்பது மணிக்கே தோசைக்கல்லாகிவிடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று ஆளைத் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இதெல்லாம் போக மிஞ்சுவது மார்கழிப் பாதியிலிருந்து தை முடிய உள்ள ஆறேழு வாரம். மழை கழுவிவிட்ட ஆகாயம் தெளிவாக இருக்கும். கீழே நாஞ்சில் நாட்டு வயலில் கும்பப்பூப் போக நெற்பயிர் பச்சையாக நிற்கும். மாசிக்குப் பிறகு வந்தால் அறுத்துப்போட்ட தாள்தான் தெரியும்.

"எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிக்கணும்?"

ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40-க்கு. ஆறேகாலுக்கு மேல் கால் வைக்கிற இடம் நன்றாகத் தெரியும். நாங்கள் ஆறரைக்கு முதல் படியில் இருப்போம், எட்டு மணி வாக்கில் உச்சியில். ஒன்பதுக்கு இறங்க ஆரம்பித்தால் பத்து மணிக்கு அடிவாரத்தில் சாயா குடிக்கலாம்.

"ஞாயிற்றுக்கிழமைதானே, கொஞ்சம் தூங்கிட்டு ஒன்பது மணிக்கு வாறேன்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரைத் தூங்க விட்டுவிடுங்கள். பாதைக்கு மேலே பெரிய மரக்கூடாரம் எதுவும் கிடையாது. மேல்பாதி முழுக்க வெட்டவெளி. மார்கழியே ஆனாலும் பகலில் வெயில் 30 டிகிரியைத் தொடும், பாறைச் சூடு அதற்கும் மேலே.

"சின்ன மலைதானே மக்கா, செருப்புப் போட்டுட்டு வரலாமா?"

இந்த "சின்ன மலைதானே" என்ற சொல்லுக்குத்தான் நான் பயப்படுகிறேன். எங்கள் பக்கம் இப்படித் தனியாக நிற்கும் கல்மலையைப் பொத்தை என்போம். பொத்தையின் அடியில் இருப்பதால் ஊர் பொத்தையடி. ரோட்டிலிருந்து பார்க்கும்போது எட்டித் தொட்டுவிடலாம் போலத்தான் இருக்கும்.

கல்லூரி முடித்த புதிதில் ஒரு நண்பன் ஹவாய் செருப்போடு வந்தான். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. உச்சியிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குக் காலை நீட்டினான், வார் பிய்த்துக்கொண்டு செருப்பு மட்டும் கீழே உருண்டு முட்புதருக்குள் போய்விட்டது. மணி பதினொன்று. வெறுங்காலைப் பாறையில் வைத்தவன் தூக்கிய காலைத் திரும்ப வைக்கவில்லை. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டினோம். இருபதடிக்கு ஒரு முறை முடிச்சு அவிழும், குனிந்து கட்டுவான். படி தொடங்கும் இடத்துக்கு வரும்போது துணியில் உள்ளங்கால் அளவுக்கு ஓட்டை. ஒரு மணி நேர இறக்கத்துக்கு அன்று இரண்டரை மணி நேரம் ஆனது.

பின்னால் பட்டை வைத்த செருப்பு என்றால் சரி. அடிப்பாகம் தேயாத கேன்வாஸ் ஷூ இன்னும் நல்லது. விலை கூடிய மலையேற்ற ஷூ ஒன்றும் வாங்க வேண்டாம். வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுகிறவர்கள் உண்டு, அவர்கள் வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள்.

"தண்ணி எவ்வளவு? மேல கடை உண்டா?"

ஆளுக்கு இரண்டு லிட்டர். மேலே கடையை நம்பி யாரும் வர வேண்டாம். பாறை இடுக்கில் தேங்கிக் கிடக்கும் மழைத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

ஒருவர் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிவந்து எல்லோருக்கும் ஊற்றுவது நடக்காத காரியம். கேன் முதலில் ஓடுகிறவனிடம் இருக்கும், தாகம் கடைசியில் வருகிறவனுக்கு எடுக்கும். அவரவர் தண்ணீர் அவரவர் பையில்.

"சாப்பிட என்ன கொண்டு வரணும்?"

வெறும் வயிற்றில் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். கிளம்பும்போது ஒரு கடுங்காப்பியும் இரண்டு மட்டிப்பழமும் போதும். மட்டி நம்ம மாவட்டத்துப் பழம், 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. விரல் நீளம்தான், பைக்குள் நசுங்கிவிடும் என்பதால் ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் சாப்பிட அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) தேங்காய்த் துவையலும் எங்கள் வழக்கம். ஆறினாலும் தின்னலாம், கையும் ஒட்டாது. பிரியாணிப் பொட்டலம் கொண்டு வந்தவர்கள் குரங்குக்குத்தான் படைத்தார்கள்.

மற்றதெல்லாம் இறங்கிய பிறகு. பத்து மணிக்குச் சாயாக்கடையில் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) எண்ணெயிலிருந்து எடுக்கும் நேரம். அதற்காகவே வேகமாக இறங்குகிற நண்பர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்.

"குரங்கு கடிக்குமா?"

பையைத் திறக்காதவரை உங்களைக் கண்டுகொள்ளாது. பாலித்தீன் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தோ வந்துவிடும். வெளியே தெரியும்படி கவரைத் தொங்கவிடாதீர்கள். பறித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னக் கீறல் என்று விட்டுவிடக் கூடாது.

"மேல ஏறினா என்ன தெரியும்? இலங்கை தெரியும்னு சொல்றாங்களே?"

இலங்கை தெரியாது. கன்னியாகுமரியிலிருந்து அந்தக் கரை 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த உயரத்திலிருந்து அதில் பாதித் தூரம்கூடக் கண்ணுக்கு எட்டாது. தெரிந்ததாகச் சொல்கிறவர்கள் பார்த்தது மேகமோ கப்பலோ.

தெரிவதே ஏராளம். தென்கிழக்கே விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் விரல் நகம் அளவுக்குத் தெரியும். தென்மேற்கே பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயல், தென்னந்தோப்புகள். வடமேற்கே திரும்பினால் சுசீந்திரம் கோபுரமும் குளமும் வயலும். தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குக் குளிர்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் வருவது தெரிந்ததுதானே. 2022-இல் அந்த நீர்நிலைகள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். வடக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மகேந்திரகிரி மேகத்துக்குள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கிருந்து இறங்கி வந்து, விட்டு விட்டுத் தலைகாட்டி, கடைசியில் நீங்கள் நிற்கும் இந்தப் பொத்தையோடு முடிகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே இவ்வளவு குறுகிய இடத்தில்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம் என்பது அங்கே நின்றால்தான் எனக்கு உறைக்கும்.

"இது கோயில் மலையா, சும்மா ஏறுற மலையா?"

இரண்டும்தான். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஊர்க்கதை. பெயரும் அதனால்தான் என்பார்கள். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக்காரர்களுக்கு இது புனிதமான மலை, அவர்களுடைய வேதநூலான அகிலத்திரட்டில் இடம்பெற்ற மலை. கேரளத்துத் துறவி நாராயண குரு தவமிருந்ததாகச் சொல்லப்படும் பிள்ளைத்தடம் குகை மேல்பகுதியில் இருக்கிறது. அவர் 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியதற்கு முந்தைய கதை அது. கேரளத்திலிருந்து அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. திருக்கார்த்திகையன்று உச்சியில் தீபம் ஏற்றுவார்கள்.

அதனால் குகை வாசலில் பாட்டுப்பெட்டி வைக்காதீர்கள். உள்ளே யாராவது கண்மூடி உட்கார்ந்திருப்பார். மது, சிகரெட் கொண்டு வருகிறவர் எங்கள் கூட்டத்தில் சேர வேண்டாம். சாமிக் குற்றம் ஒருபக்கம் இருக்கட்டும், தை கடைசியில் புல் காய்ந்து நிற்கும், ஒரு துண்டு பீடி போதும்.

"மருந்து மலைன்னா மூலிகை பறிச்சிட்டுப் போலாமா?"

கூடாது. காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படியும் தப்பு. அதைவிட, கைக்குக் கிடைத்த இலையைப் பறித்து மென்று பார்க்கும் ஆட்கள்தான் எனக்குக் கவலை. இலை ஒன்றுபோல இருக்கும், குணம் ஒன்றாக இருக்காது.

"அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசு. கூட்டிட்டு வரலாமா அண்ணே?"

வயதைக் கேட்டு நான் சொல்ல முடியாது, முட்டு வலி உண்டா என்பதைச் சொல்லுங்கள். எழுபது வயதுப் பெரியவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு எங்களை முந்திப் போவதைப் பார்த்திருக்கிறேன். முட்டு வலியோ இருதயக் கோளாறோ இருந்தால் படிகள் இருக்கும்வரை வந்து, கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். அதுவும் நல்ல காற்றோட்டமான நடைதான்.

மலையும் ஏற வேண்டும், கஷ்டமும் கூடாது என்றால் அம்மாவை மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலைக்குக் கூட்டிப்போங்கள். கல் பாவிய பாதை, மேலே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள், ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, உட்கார நிழல். பேச்சுத் துணைக்கு நானே வருவேன்.

"பொண்ணுங்க நாங்க நாலு பேர் மட்டும் போலாமா?"

போகிறார்கள். என் தங்கையும் தோழிகளும் போயிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பாருங்கள், வார நாள் மத்தியானம் வேண்டாம். கழிவறை வசதியை மேலே எதிர்பார்க்க முடியாது என்பதால் அடிவாரத்துக்கு வருமுன் முடித்துக்கொள்வது நல்லது. செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும்.

"பாதி வழியில மழை வந்தா?"

திரும்பிவிடுங்கள். மழைக்காலம் முழுக்க ஊறிய பாறையில் கறுப்பாகப் பாசி படிந்திருக்கும். காய்ந்திருந்தால் சொரசொரவென்று பிடிக்கும், நாலு தூறல் விழுந்தால் விளக்கெண்ணெய் பூசியதுபோல. உச்சிக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி என்றாலும் திரும்புவதுதான் சரி. இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மொட்டைப் பாறையில் உயரமாக நிற்கும் பொருள் நீங்கள்தான்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவம் எப்போது முடியும் என்று யாரும் நாள் குறித்துத் தர முடியாது. ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30. தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப்போட்டது 2023 டிசம்பர் 17, 18. இரண்டும் "மழைதான் முடிஞ்சாச்சே" என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள். முதல் நாள் இரவு வானிலை அறிவிப்பைப் பார்ப்பேன். குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வரி இருந்தால் அடுத்த ஞாயிறு.

"ராத்திரியே ஏறி உதயம் பார்க்கலாமா? இன்ஸ்டாவுல எல்லாரும் போடுறாங்க"

ஆசை நியாயமானது. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து கடலிலிருந்தே எழும், தென்மேற்கே கடலிலேயே இறங்கும். ஆடியில் அஸ்தமனம் நிலத்துப் பக்கம் போய்விடும். ஆனால் இருட்டில் அந்த மேல்பாதிப் பாதையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிரியும் ஒற்றையடிகள் டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே பாதைபோலத் தெரியும். பாறை இடுக்கில் விரியன் சுருண்டு கிடக்கும். கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தோடு ஏறுவது வேறு, ஐந்து பேர் இரண்டு மணிக்கு ஏறுவது வேறு.

உதயம் பார்க்க வேண்டும் என்றால், வெளிச்சம் வரும் ஆறேகாலுக்கே ஏற ஆரம்பியுங்கள்; படிகளின் மேல்பகுதியில் நிற்கும்போது உதயம் வந்துவிடும். அங்கிருந்தே கிழக்கு திறந்துதான் இருக்கும். படம் அதே படம்தான்.

"ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் உட்காருவான். எப்படிச் சமாளிக்கிறீங்க?"

மெதுவானவரை முன்னால் விடுவோம். பாதை தெரிந்தவர் ஒருவர் கடைசியில் வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஓடுகிறவன் முனகுவான், முனகட்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவோம்.

"கால் பிசகிட்டா என்ன செய்றது?"

108 அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேலே நண்பர்களின் தோள்தான். பையில் ஒரு கிரேப் பேண்டேஜ் போட்டு வையுங்கள், கட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கலாம். காலை ஊன்றவே முடியவில்லை, அல்லது தலையில் அடி என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு பாறையில் இறங்காதீர்கள். 112-க்குப் போன் போட்டு, எந்தக் கோயிலுக்கு மேலே, எந்தக் குகைக்குப் பக்கத்தில் என்று அடையாளம் சொல்லுங்கள். அதனால்தான் ஏறும்போது அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்கிறேன்.

"இதென்ன பொத்தை! மகேந்திரகிரி போலாமே?"

மருந்துவாழ்மலையை ஒரு தடவை முடித்தவர்கள் கேட்பது இது. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல். அடர்ந்த காடு, அட்டை, யானை, கரடி. மலையின் நெல்லைப் பக்கத்து அடிவாரத்தில் இஸ்ரோ மையம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைத்தால் வழக்கு. பழம்பொரிக்குப் பத்து மணிக்குத் திரும்பி வரும் நடை அல்ல அது. காடு பார்க்க வேண்டும் என்றால் வனத்துறை அனுமதிக்கும் காளிகேசத்துக்குப் போங்கள். மழை நாட்களில் ஆற்றில் திடீரென்று தண்ணீர் வரும், கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

"வந்த வழியிலயே ஏன் இறங்கணும்? முகட்டோட நடந்து அந்தப் பக்கமா இறங்கினா என்ன?"

மேலிருந்து பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். மலை ஒற்றைக் கூம்பு அல்ல, மேடும் பள்ளமுமாக நீளும் முதுகு. அடுத்த மேடு கூப்பிடும் தூரத்தில் நிற்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். முதல் அரை மணி நேரம் ஆடு போன தடம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. இடுப்பளவு முட்புதர். ஒதுக்கி ஒதுக்கி நடந்து ஒரு பாறை விளிம்புக்கு வந்தோம். கீழே தோட்டமும் கிணறும், கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தமும் தெளிவாகக் கேட்டது. நடுவில் இரண்டு பனை உயரத்துக்கு வழுக்குப் பாறை. ஒருவன் இறங்கிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தான். அவன் சட்டைக் காலரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவனோடு சேர்ந்து போயிருப்போமே தவிர அந்தப் பிடியால் ஒன்றும் ஆகியிருக்காது.

திரும்பினோம். தண்ணீர் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, அன்று ஆளுக்கு ஒரு லிட்டர்தான் கொண்டுபோயிருந்தோம். முழங்கை வரை முள் கீறல். பொத்தையடிக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை. சாயாக்கடையில் பழம்பொரித் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.